23 கிலோ பெட்டி, 158 செ.மீ. பெட்டி: பெங்களூர் போய் விமானம் ஏறும் நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு

3 மே 2025, பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

அக்கா, அம்மாவும் அப்பாவும் ஜூன் மாதம் பெங்களூரிலிருந்து டல்லஸ் போகிறார்கள். முதல் தடவை. ஆளுக்கு 46 கிலோ என்று டிக்கெட் போட்டவர் சொன்னார். அப்படியானால் ரெண்டு பேருக்கும் சேர்த்து 92 கிலோ. வீட்டில் பெரிய பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் 35 கிலோ அடைத்துவிட்டு மிச்சத்தை மற்ற பெட்டிகளில் பிரித்துப் போட்டால் மொத்தம் சரியாக வந்துவிடும்தானே?

3 மே, இரவு

வராது. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் அதிகம் மாட்டுவது இந்தக் கணக்கில்தான்.

அமெரிக்கா, கனடா போகும் டிக்கெட்டுகளில் பெரும்பாலும் பெட்டிக் கணக்கு. ஆளுக்கு இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள். 46 என்பது நாமாகக் கூட்டிக்கொண்ட எண். கவுன்ட்டரில் தராசு ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று 26, இன்னொன்று 20 என்றால் மொத்தம் சரிதான், ஆனால் 26 கிலோ பெட்டிக்கு அதிக எடைக் கட்டணம் உண்டு. அமெரிக்க நிறுவனங்கள் பலவற்றில் 23-க்கு மேல் 32-க்குள் என்றால் ஒரு பெட்டிக்கு 100 டாலர். நம் ரூபாயில் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். அந்த மூன்று கிலோவில் இருக்கும் புளிக்கும் கம்பு மாவுக்கும் அவ்வளவு கொடுக்கலாமா?

35 கிலோ பெட்டியைப் பணம் கட்டினாலும் எடுக்க மாட்டார்கள். 32 கிலோதான் ஒரு பெட்டிக்கு உச்ச வரம்பு. விமானத்தின் அடி அறையில் பெட்டிகளைக் குனிந்து தூக்கி அடுக்குவது மனிதர்கள். அவர்கள் முதுகைக் காப்பாற்றத்தான் இந்த வரம்பு. அதனால் கவுன்ட்டரில் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது.

4 மே

காலையில் டிக்கெட்டின் படத்தை அனுப்பியிருந்தார். பேக்கேஜ் என்ற வரியில் 2 பிசி என்று இருக்கிறது. பிசி என்றால் பெட்டி எண்ணிக்கை. 30 கே, 40 கே என்று கே எழுத்து இருந்தால் மொத்த எடைக் கணக்கு. இந்த ஒரு வரியைப் பார்த்தபிறகுதான் பெட்டியே இறக்க வேண்டும். டிக்கெட் போட்டவர் வாயால் சொன்னதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

4 மே, மாலை

பெரிய பெட்டி பற்றிச் சொல்லாமல் விட்டேன். எடை சரியாக இருந்தாலும் அளவு தப்பினால் அதற்குத் தனிக் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 செ.மீ.க்குள் வரவேண்டும். பழைய கணக்கில் 62 இஞ்ச். சக்கரமும் மேலே இருக்கும் கைப்பிடியும் இதில் சேரும். கடையில் 28 இஞ்ச் பெட்டி என்று ஒட்டியிருப்பதில் பல நேரம் சக்கரத்தைச் சேர்த்திருக்க மாட்டார்கள். அதனால் லேபிளைப் படித்தால் போதாது, டேப் வைத்து அளக்க வேண்டும்.

தையல்கார டேப் 60 இஞ்ச், அதாவது 150 செ.மீ.தான் இருக்கும். அதைப் பெட்டியைச் சுற்றிப் பிடித்து அளக்கிறார்கள் சிலர். அது வேறு கணக்கு. பெட்டியை நிமிர்த்தி வையுங்கள். தரையிலிருந்து உச்சி வரை ஒன்று, அகலம் ஒன்று, ஆழம் ஒன்று. மூன்றையும் தாளில் எழுதிக் கூட்டுங்கள்.

எங்கள் வீட்டில் அந்தக் காலத்துப் பெரிய பெட்டி ஒன்று இருக்கிறது. 82, 56, 34. கூட்டினால் 172. காலியாகவே ஏழு கிலோவுக்குப் பக்கம். அதில் போர்வை வைத்திருக்கிறோம், விமானத்துக்கு எடுப்பதில்லை. பாலக்கோட்டுப் பெட்டியும் அந்த வகைதான் என்று தோன்றுகிறது. அளந்து சொல்லுங்கள்.

ஜிப்பைத் திறந்தால் பெட்டி இன்னும் நாலைந்து செ.மீ. விரியும் வசதி இருக்கிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள். மூடியிருக்கும்போது 156 இருக்கும் பெட்டி, திறந்தால் 160-ஐத் தாண்டிவிடும். விரிந்த பெட்டியில் எடையும் தானாக ஏறும்.

6 மே

"வீட்டில் தராசு இல்லை, எப்படி எடை பார்ப்பது?" இதை மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள்.

கையில் தொங்கவிடும் சின்ன எலக்ட்ரானிக் தராசு கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி பாத்திரக் கடைகளிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். அரிசிச் சிப்பத்தைத் தூக்கிப் பாருங்கள். 25 கிலோ வரை பாக்கெட் போட்ட அரிசிக்கு 2022 ஜூலையில் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தபிறகு பல ஆலைகள் 26 கிலோ சிப்பம் போட ஆரம்பித்தன. அதனால் 26 காட்டினால் தராசு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், முதலில் மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படியுங்கள். இன்னும் சுலபமாக வேண்டுமென்றால் இருபது லிட்டர் தண்ணீர் கேன். தண்ணீர் மட்டும் 20 கிலோ, கேனுக்குக் கொஞ்சம்.

ஆள் ஏறி நிற்கும் தராசில் பெட்டியை வைத்தால் எண் மறைந்துவிடும். நீங்கள் மட்டும் நின்று பாருங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்று பாருங்கள், வித்தியாசம்தான் பெட்டி. முதுகு வலி உள்ளவர்கள் இதைச் செய்ய வேண்டாம், வீட்டில் இளவட்டம் யாரையாவது கூப்பிடுங்கள்.

எனக்குப் பிடித்தது மாங்காய் மண்டித் தராசு. சீசனில் போய்க் கேட்டால் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. தட்டில் பெட்டியைப் படுக்க வைத்தால் போதும். வியாபாரம் நடக்கும் தராசு என்பதால் முத்திரை போட்டிருக்கும், நம்பலாம்.

22.5-ல் நிறுத்துங்கள். 23.0 வரை இழுக்க வேண்டாம். வீட்டுத் தராசும் விமான நிலையத் தராசும் முந்நூறு, நானூறு கிராம் வேறுபடலாம். அந்த அரைக் கிலோ மிச்சம் இருந்தால் அப்பா அம்மா நிம்மதியாக வரிசையில் நிற்பார்கள்.

6 மே, இரவு

ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்டார். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்தில் நம் ஊர்க்காரர் ஒரு வயதான தம்பதியைப் பார்த்தேன். கவுன்ட்டருக்குப் பக்கத்தில் தரையில் பெட்டி திறந்து கிடக்கிறது, அந்த அம்மாவின் துணிமணியெல்லாம் வெளியே. எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பேத்திக்கு என்று கட்டிய பலகாரப் பொட்டலம் அந்த அய்யா கையில் இருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் ஒரு வார்த்தை பொறுமையாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. நான்கு பேர் சுற்றி நின்று பார்க்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்படி நடக்கக் கூடாது. ஒரு இஞ்ச் டேப்பும் ஒரு தராசும் இருந்தால் தடுத்துவிடக்கூடிய விஷயம் அது.

9 மே

இப்போது உள்ளே என்ன வைப்பது. இதைத்தான் எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள்.

காவேரிப்பட்டணம் நிப்பட்டு வையுங்கள். எடை குறைவு, இடம்தான் அதிகம். கனமான பொருள் வைத்தபிறகு பெட்டியில் மேலே மிஞ்சும் வெற்றிடத்துக்கு அதைவிட நல்லது இல்லை. நொறுங்காமல் இருக்க டப்பாவில் அடுக்கி, டப்பாவைச் சுற்றிப் புடவையோ துண்டோ.

புளி கனம். தர்மபுரிப் புளி வேண்டும் என்று மகள் கேட்டால் மறுக்க முடியாது, எனக்கும் தெரியும். கொட்டை, நார் எடுத்துவிட்டு அழுத்திக் கட்டினால் கால்வாசி எடை குறையும். கேழ்வரகு மாவு ஐந்து கிலோ கொண்டுபோவதைவிட இரண்டு கிலோ போதும் என்று நினைக்கிறேன், இப்போது அங்கேயும் இந்தியக் கடைகளில் கிடைக்கிறது. மாம்பழக் கூழ் டின் வேண்டவே வேண்டாம். ஒரு டின்னில் கூழ் மட்டும் 850 கிராம், டின்னோடு ஒரு கிலோவை நெருங்கும். கிருஷ்ணகிரி ஆலைகளிலிருந்து கூழ் உலகம் முழுக்கப் போகிறது. டல்லஸ் கடையில் டின்னைத் திருப்பிப் பார்த்தால் நம் மாவட்டத்து முகவரியே இருக்க வாய்ப்புண்டு.

பழமாக மாம்பழம், கறிவேப்பிலை, விதைகள், செடி எதுவும் அமெரிக்காவுக்குக் கூடாது. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சிக்கு இடம் கொடுக்கும் செடி, அதனால் இலைகூட விடமாட்டார்கள். காயவைத்து வைத்தால் தெரியாது என்று நினைக்காதீர்கள். இந்திய மாம்பழம் 2007 முதல் அமெரிக்காவுக்குப் போகிறது, ஆனால் கதிர்வீச்சு கொடுத்து, சான்றிதழோடு வியாபாரமாகப் போகிறது. நாம் பெட்டியில் கொண்டுபோகிற பழத்துக்கு அந்த வழி இல்லை. செந்தூரா பழுக்கும் மாதத்தில் பெற்றோர் கிளம்பும்போது இது மனசுக்குக் கஷ்டம்தான்.

உணவுப் பொருள் இருந்தால் அங்கே இறங்கியதும் இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் கூடாததை எடுத்துவைத்துக்கொண்டு மிச்சத்தோடு அனுப்புவார்கள். மறைத்தால்தான் அபராதம். அப்பா அம்மாவுக்கு ஆங்கிலம் வராவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

10 மே

சாம்பார் பொடி, இட்லிப் பொடி கையில் கொண்டுபோகலாமா? செக்-இன் பெட்டியில் போடுங்கள். 2018 முதல் அமெரிக்கா போகும் விமானங்களில் கைப்பையில் 350 மி.லி.க்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிக்கிறார்கள். ஊறுகாயும் நெய்யும் திரவக் கணக்கு, அவையும் கையில் வேண்டாம்.

10 மே, மதியம்

கொப்பரை. இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வீடு வைக்கிறார்கள். காய்ந்த தேங்காய் செக்-இன் பெட்டியில் கூடாது. அதில் எண்ணெய் அதிகம், சூடேறினால் தானாகவே பற்றக்கூடிய பொருள் என்று விமானத் துறையில் பட்டியலிட்டிருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியைத் திறப்பார்கள். கற்பூரமும் அப்படித்தான், பூஜைப் பையில் மறந்து கிடக்கும், எடுத்துவிடுங்கள்.

"சபரிமலைக்குப் போகிறவர்கள் விமானத்தில் தேங்காய் கொண்டுபோகிறார்களே?" என்று ஊத்தங்கரையிலிருந்து ஒரு தம்பி. அது இருமுடிக்கு மட்டும் கொடுத்த சலுகை. 2024 அக்டோபரில் அறிவித்து 2025 ஜனவரி 20 வரை அனுமதித்தார்கள், அதுவும் கைப்பையில், சோதனைக்குப் பிறகு. நாம் பேசுவது வேறு.

பவர் பேங்க் வேறு கணக்கு. கையில் மட்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. 100 வாட் ஹவர் வரை தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்.ஏ.ஹெச். என்று எழுதியிருப்பது ஏறக்குறைய 74 வாட் ஹவர்.

14 மே

துபாயில் வேலை செய்யும் காரிமங்கலத்துத் தம்பி எழுதியிருக்கிறார். அவர் டிக்கெட்டில் 30 கே. நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒவ்வொரு பெட்டியும் 23-க்குள் பிரித்துக் கொண்டிருந்தாராம். தம்பி, உங்களுக்கு அது தேவையில்லை. வளைகுடா டிக்கெட்டுகள் பெரும்பாலும் மொத்த எடைக் கணக்கு. 18 ஒன்று, 12 ஒன்று என்று வைக்கலாம். எத்தனை பெட்டி வரை என்பதை மட்டும் உங்கள் டிக்கெட்டில் பாருங்கள். ஒரே பெட்டி 32-ஐத் தாண்டக் கூடாது என்பது உங்களுக்கும் உண்டு.

திரும்பி வரும்போது ஒன்று கவனியுங்கள். துபாய் விமான நிலையத்தில் 2017 மார்ச் முதல் தட்டையான பக்கம் ஒன்றாவது இல்லாத மூட்டைகளை வாங்குவதில்லை. உருண்டையாகக் கட்டிய போர்வை மூட்டை, கயிறு சுற்றிய பொதி எல்லாம் அங்குள்ள தானியங்கிப் பட்டையில் சிக்கி எல்லோர் பெட்டியையும் நிறுத்திவிடுகிறது. அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிடுங்கள். அட்டைப் பெட்டி எடை குறைவு, அரைக் கிலோ முக்கால் கிலோ. அந்த விதத்தில் சூட்கேஸைவிட லாபம்.

கசகசா கொண்டுபோகாதீர்கள். அமீரகத்தில் தடை. சமையல் சாமான்தானே என்று எடுத்துப்போனவர்கள் சட்டச் சிக்கலில் மாட்டியிருக்கிறார்கள். கரம் மசாலா வீட்டில் அரைத்தது என்றால் அதில் சேர்த்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிடுங்கள். சிங்கப்பூர் போகிறவர்களும் இதைப் படியுங்கள்.

18 மே

தர்மபுரியிலிருந்து ஒருவர்: "சேலத்திலிருந்து உள்நாட்டு விமானத்தில் போய், அங்கிருந்து வெளிநாட்டு விமானம் பிடிக்கலாமா? காமலாபுரம் எங்களுக்குப் பக்கம்."

பக்கம்தான். ஆனால் இரண்டும் ஒரே டிக்கெட்டா என்று முதலில் பாருங்கள். தனித்தனியாக வாங்கினால் உள்நாட்டு விமானத்துக்கு உள்நாட்டு அளவுதான். சாதாரண டிக்கெட்டில் 15 கிலோ. 46 கிலோ கட்டிக்கொண்டு சேலத்தில் போய் நின்றால் 31 கிலோவுக்குக் கிலோ கணக்கில் பணம் கேட்பார்கள். சில நிறுவனங்கள் வெளிநாட்டு டிக்கெட்டைக் காட்டினால் கொஞ்சம் கூடுதலாக அனுமதிக்கின்றன, ஆனால் அதை எழுத்தில் பார்த்தபிறகு நம்புங்கள்.

ஒரே டிக்கெட் என்றால் கதை வேறு. அமெரிக்கா போய் வரும் பயணத்தில் ஒரே டிக்கெட்டுக்குள் எத்தனை விமானம் மாறினாலும் முதலிலிருந்து கடைசி வரை ஒரே பெட்டிக் கணக்கு என்பது அந்நாட்டு விதி. வேறொரு அமெரிக்க ஊரில் இறங்கி மாறுகிறவர்கள் அங்கே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி பட்டையில் போட வேண்டும். பெட்டி தானாக வந்துவிடும் என்று நினைத்து அடுத்த விமானத்துக்கு நடந்துவிடக் கூடாது. பாலக்கோட்டு அப்பா அம்மாவுக்கு டல்லஸ்தான் முதல் ஊர் என்பதால் இந்தக் கவலை இல்லை.

19 மே

கார் பற்றி ஒரு வார்த்தை. கால் டாக்ஸி பேசும்போது சி.என்.ஜி. வண்டியா என்று கேளுங்கள். டிக்கியில் பாதி சிலிண்டர் இருக்கும், நான்கு பெரிய பெட்டி போகாது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் தொண்ணூறு கிலோமீட்டர் என்றாலும் தேவனஹள்ளி ஊருக்கு அந்தப் பக்கம், நகரத்தைக் கடந்து இன்னும் போக வேண்டும். அத்திப்பள்ளியிலும் ஹெப்பாளிலும் நெரிசல் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இளைஞர்கள் ஒரு பெட்டியோடு போவதானால் எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து விமான நிலையத்துக்கு வாயு வஜ்ரா பஸ் இருக்கிறது. பெட்டி வைக்க உள்ளேயே இடம் உண்டு.

25 மே

கடினமான பெட்டியா, துணிப் பெட்டியா? இதற்கு முன்பெல்லாம் கேட்டவர்களுக்குக் கடினமானதே வாங்குங்கள் என்று சொல்லிவந்தேன். ஊறுகாய் பாட்டில் உடையாது, மழையில் நனையாது. இப்போது வயதானவர்களுக்கு அதையே சொல்வேனா என்று யோசிக்கிறேன். துணிப் பெட்டியில் வெளியே ஒரு பை இருக்கிறது. கவுன்ட்டரில் ஒரு கிலோ எடுக்கச் சொன்னால் முழுப் பெட்டியையும் விரித்துப் போடாமல் அந்தப் பையிலிருந்து எடுத்துவிடலாம். எடுக்க வேண்டிவந்தால் எடுக்கும் பொருளை முன்கூட்டியே அதில் வைத்துவிடுங்கள். அந்தத் தம்பதியிடம் அப்படியொரு பை இருந்திருந்தால் தரையில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஆக பெற்றோருக்குத் துணிப் பெட்டி, கண்ணாடிப் பாட்டிலோ பாத்திரமோ இருந்தால் ஒன்று மட்டும் கடினமானது.

பெட்டி உடைந்து வந்தால்? எங்கள் தெருக்காரர் ஒருவருக்குச் சக்கரம் போய் வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துக் கேட்டார், கைவிரித்துவிட்டார்கள். சேதத்துக்கு ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பெட்டி தாமதமாக வந்தால் கையில் கிடைத்த நாளிலிருந்து 21 நாள். மாண்ட்ரியல் உடன்படிக்கை என்று இருக்கிறது, இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதன்படி ஒரு பயணியின் பெட்டிகளுக்கு விமான நிறுவனத்துக்கு 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்குப் பணம்) வரை பொறுப்பு, 2024 டிசம்பர் 28 முதல் இந்த எண். அதற்கு முன்பு 1,288. விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள பேக்கேஜ் கவுன்ட்டரில் பதிவு செய்து தாளை வாங்கிவிடுவதுதான் நல்லது. கிளம்பும்போது பெட்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள்.

2 ஜூன்

பாலக்கோட்டிலிருந்து செய்தி. பழைய பெட்டியை அளந்தார்களாம், 169. விட்டுவிட்டு இரண்டு புதிதாக வாங்கியிருக்கிறார்கள். நான்கு பெட்டியும் 22-ஐ ஒட்டி. ஒன்று மட்டும் 23.4, இட்லிப் பாத்திரத்தால். இரண்டு தட்டை எடுத்துக் கைப்பைக்கு மாற்றினால் ஆயிற்று என்கிறார். கைப்பைக்கும் வரம்பு உண்டு, மறக்க வேண்டாம். ஏழு கிலோ என்றால் ஏழுதான், இப்போது அதையும் தராசில் வைக்கிறார்கள். மாத்திரை, மருந்துச் சீட்டு, ஒரு மாற்றுத் துணி, கண்ணாடி இவை கைப்பையில் இருந்தே ஆக வேண்டும். தட்டை இன்னொரு பெட்டிக்கு மாற்றுங்கள், அங்கே ஒரு கிலோ இடம் இருக்கிறதே.

மடித்த மஞ்சப்பை ஒன்றைக் கைப்பையின் ஓரத்தில் செருகிவிடுங்கள். அவசரத்துக்கு எதையாவது வெளியே எடுத்தால் போட்டு, வழியனுப்ப வந்தவர் கையில் கொடுத்துவிடலாம். அதனால் பெட்டி போடும் வரை வழியனுப்ப வந்தவர் கிளம்பக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே நின்று, போனில் "போட்டாச்சு" என்ற வார்த்தை வந்தபிறகு கிளம்புங்கள்.

3 ஜூன்

கடைசியாக அவர் கேட்டது: அம்மாவுக்கு முட்டி வலி, சக்கர நாற்காலி கேட்டால் பெட்டிக் கணக்கில் குறைப்பார்களா? குறைக்க மாட்டார்கள். விமான நிலையத்தில் தள்ளிக்கொண்டு போகும் உதவிக்கு முன்பே பதிவு செய்யுங்கள், அதற்கு எடையில் சம்பந்தமே இல்லை. சொந்த நாற்காலி, ஊன்றுகோல் கொண்டுபோனாலும் அது பெட்டி எண்ணிக்கையில் சேராது. ஆனால் தள்ளிக்கொண்டு போகிறவரால் பெரிய பெட்டிகளையும் சேர்த்து இழுக்க முடியாது. டல்லஸில் பெட்டிப் பட்டையிலிருந்து எடுத்துக் கொடுக்க யாரைக் கேட்பது என்று அப்பாவுக்கு இன்றைக்கே சொல்லிவையுங்கள். நான்கு பெட்டியிலும் ஒரே நிறத்தில் ரிப்பன் கட்டிவிடுங்கள். பெயரும் டல்லஸ் முகவரியும் மகளின் போன் நம்பரும் வெளியே ஒன்று, பெட்டிக்கு உள்ளே ஒன்று.